பட்டாளத்துக்குப் போனவர்கள்

யுத்தங்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் தளபதிகளுக்குக் குறைவே இல்லை. அவர்கள் எங்கே பிறந்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள், எந்த நாளில் எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்பதெல்லாம் விஸ்தாரமாக இருக்கும். அந்த ஆற்றில் படகு தள்ளியவன் யார் என்று தேடினால்தான் அகப்படமாட்டான். "நமது தரப்பில் நஷ்டம் சொற்பம்" என்று எங்கேனும் ஒரு வரி இருக்கும். அந்தச் சொற்பத்துக்குள் அவன் இருந்தாலும் இருப்பான்.

பத்தொன்பது வருஷங்களாகச் சரித்திரம் சொல்லிக்கொடுத்து வரும் நமக்கு, இரண்டாவது உலக மகா யுத்தப் பாடம் வரும்போதெல்லாம் இந்த நெருடல் உண்டு. பாடப் புத்தகத்தில் ஹிட்லர் இருக்கிறான், சர்ச்சில் இருக்கிறார், அணுகுண்டும் இருக்கிறது. பையன்கள் கேட்பதோ வேறு. சென்ற வருஷம் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தச் சண்டைக்குப் போன நம்ம ஊர்க்காரங்களுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. சரித்திர ஆசிரியர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே என்று தோன்றியது.

பதில் சொன்னோம். 1914-ஆம் வருஷத்து யுத்தத்தில் இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். 1939-இல் அது 16 ரூபாயாக இருந்து, பிறகு 18 ஆயிற்று. இந்தச் சம்பளத்தோடு ரேஷன், உடுப்பு, ஜோடு எல்லாம் சர்க்கார் செலவு. முதல் யுத்தத்தில் கடல் கடந்து போன இந்தியர் சுமார் 13 லட்சம். திரும்பி வராதவர்கள் 74,000 பேருக்குக் குறையாது. இரண்டாவது யுத்தம் முடியும்போது இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். மாண்டவர்கள் சுமார் 87,000. இவ்வளவு பெரிய சேனையில் ஒருவரையும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்று இங்கிலீஷ்காரர்கள் பெருமையாக எழுதுவார்கள். சட்டம் போடவில்லை என்பது வாஸ்தவம். வயிறு போட்ட சட்டத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய வடஆற்காடு ஜில்லாவில் பிறந்தவர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. 1806-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தங்கள் எஜமானர்கள் பக்கமே திருப்பினார்கள். புதுமாதிரித் தலைப்பாகையும், நெற்றிக்குறி இடக் கூடாது என்ற உத்தரவுமே உடனடிக் காரணங்கள். அதே கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வேலூருக்கருகே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் அக்கம்பக்கத்தார் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். இந்தக் கிராமத்திலிருந்து மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இங்கிலீஷில் பொறித்த கற்பலகைகளை நம் தேசத்துக் கிராமங்கள் பலவற்றில் இன்றும் காணலாம். தொகை மட்டும் இருக்கும், பெயர் இராது.

இதில் ஒரு வேடிக்கை. தென்னாட்டாருக்கு யுத்த சுபாவமே கிடையாது என்று ஒரு காலத்தில் வெள்ளைக்கார ஜெனரல்கள் தீர்ப்பளித்திருந்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியானதும், வடக்கே இருப்பவர்கள்தாம் வீர ஜாதியார் என்று முடிவு கட்டினார். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. எஞ்சியிருந்தவையும் 1928-க்குள் கலைந்தன. 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படை மாத்திரம் தப்பியது. பாலம் கட்டவும் சாலை போடவும் வீர ஜாதியார் எளிதில் அகப்படவில்லை போலும்! ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் இந்தச் சித்தாந்தம் காற்றில் பறந்தது. மதராஸ் ரெஜிமெண்டு மறுபடியும் பிறந்தது. யுத்த சுபாவம் இல்லாத மாகாணத்திலிருந்து, பஞ்சாபுக்கு அடுத்தபடியாக ஆட்கள் சேர்ந்தார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களில் நம் தாயைப் பெற்ற பாட்டனாரும் ஒருவர். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும், அதன் மேல் அதைவிடப் பெரிய கடனும் அவருடைய ஆஸ்தி. வயது இருபது, மணமாகி ஆறு மாதம். யுத்தம் வந்தபோது, நம் தேசத்துத் தலைவர்களில் ஒருவரையும் கலக்காமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டது என்று வைஸ்ராய் லின்லித்கோ 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி அறிவித்ததும், அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்ததும் நேயர்கள் அறிந்ததே. அந்தச் சேதியெல்லாம் ஊருக்குள் கொண்டுவந்தவர் கதர் கட்டிய ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர். பாட்டனார் வேலூருக்குப் போய்ப் பெயர் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவர் வீடு தேடி வந்தாராம்.

"ஏண்டா அப்பா, அந்நியனுக்காகச் சாகப் போகிறாயா?"

"இங்கேயே இருந்து பட்டினியால் செத்தால் அது யாருக்காக, வாத்தியாரையா?"

உபாத்தியாயர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாராம். இந்தச் சம்பாஷணையைப் பாட்டனார் நம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வாதத்தில் ஜெயித்த பெருமிதம் அவர் குரலில் ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயம் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கத்தில் சாப்பர்களின் பயிற்சி முகாம். அங்கே போன முதல் மாதத்தில் பாட்டனார் கண்ட அதிசயம் துப்பாக்கி அல்ல. மூன்று வேளைச் சோறு. இரண்டாவது அதிசயம் ஜோடு. அதுவரையில் செருப்பே தொடாத கால்களில் ஆணியடித்த பூட்ஸ் ஏறியதும் பாதி நாள் நடையே மறந்து போயிற்றாம். பிறகு கயிற்று முடிச்சு, மரம் வெட்டுதல், மிதவைப் பாலம், வெடி வைத்தல், புதைத்த கண்ணிவெடியை எடுத்தல் என்று வரிசையாகப் பாடங்கள். முள்கம்பி வேலியை உடைக்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற நீண்ட வெடிக்குழாய் 1912-இல் இந்தப் படையிலிருந்த ஓர் அதிகாரியே கண்டுபிடித்தது. உலகமெங்கும் யுத்தகளங்களில் அதே ஊர்ப்பெயரோடு அது வழங்கியது. சாப்பர்களை எல்லோரும் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் அந்தப் படைக்கு உண்டு.

எழுத்தும் அங்கேதான் கற்பித்தார்கள். ஆனால் தமிழ் எழுத்தல்ல. அந்நாளில் இந்தியப் படையின் பொதுப் பாஷை, இங்கிலீஷ் எழுத்தில் எழுதப்பட்ட உருது. ஆகவே பாட்டனார் தம் தாய்மொழியில் 'அ' எழுதுவதற்கு முன்பே, தெரியாத பாஷையைத் தெரியாத எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டார். வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் தமிழ் தெரிந்த இன்னொரு தம்பியைப் பிடிக்க வேண்டும். இங்கே ஊரில் பாட்டியாருக்கு அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தக் கிராமத்தில் அதற்கு இருந்தவர் ஒரே ஒருவர்தான், அதே கதர் கட்டிய உபாத்தியாயர்!

தணிக்கை அதிகாரிகள் ஊர் பேர் எழுத விடமாட்டார்கள். ஆகையால், "நான் சௌக்கியம். நீங்கள் எல்லோரும் சௌக்கியமா? மழை உண்டா? மாடு கன்று போட்டதா?" என்பதற்கு மேல் கடிதத்தில் ஒன்றும் இராது. பாட்டியாரின் முகத்தைப் பார்த்து உபாத்தியாயர் தாமாகவே இரண்டு வரி சேர்த்துப் படிப்பாராம். ஒருமுறை அப்படிச் சேர்த்த வரிகள் அளவு மீறிவிட்டன போலிருக்கிறது. பாட்டியார் வெட்கத்தோடு, "அவர் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லீங்களே!" என்றாராம். உபாத்தியாயர் 1942 ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்கள் சிறையில் இருந்தார். அந்தச் சில மாதங்கள் கடிதங்கள் படிக்கப்படாமல் மாடத்திலேயே கிடந்தன. மணியார்டர் மட்டும் தவறாமல் வந்தது. பாட்டியார் கட்டைவிரலை உருட்டி வாங்கிக்கொண்டார். தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தால், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளிலெல்லாம் அடுப்பு அணைந்துபோகும் என்பார்.

பாட்டனார் போய்ச் சேர்ந்த இடம் பர்மா எல்லை. சினிமாக்களில் காண்பது போன்ற சண்டை அங்கே எப்போதோ ஒரு நாள்தான். மற்ற நாட்களில் சேறு, அட்டை, கொசு, பாரம். 1943-இல் காயம்பட்டு அகற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயினால் அகற்றப்பட்டவர் 120 பேர் என்று அந்த முனையின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவுக்காக மெபாக்கிரின் என்ற மாத்திரையைத் தினந்தோறும் விழுங்கச் செய்தார்கள். விழுங்கினால் உடம்பு மஞ்சள் பூசியதுபோல் ஆகிவிடும். சந்ததி இல்லாமல் போய்விடும் என்று வேறு ஒரு வதந்தி. ஆகவே பலர் நாக்கின் அடியில் ஒளித்துத் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்தி, நூற்றுக்கு 95 பேர் மாத்திரை தின்றிருக்காவிட்டால் அந்தப் படைப்பிரிவின் தலைவரையே வேலையிலிருந்து நீக்கினார். அதன் பிறகே மலேரியா அடங்கிற்று. பாட்டனார் சுபேதாருக்குப் பயந்து ஒழுங்காக விழுங்கினவர். பிற்பாடு அவருக்குக் குழந்தைகள் ஐந்து. வதந்தி பொய் என்பதற்கு நாமே சாட்சி.

1944-இல் ஜப்பானியர் இம்பாலையும் கொஹிமாவையும் முற்றுகையிட்டதும், மாதக்கணக்கில் விமானத்திலிருந்து இறக்கிய அரிசியையும் மாவையும் கொண்டு படைகள் தாக்குப் பிடித்ததும், பிறகு அலை திரும்பியதும் பெரிய கதை. சாப்பர்களுக்கு அதன் அர்த்தம் பாலம். அந்த டிசம்பரில் கலேவா என்னுமிடத்தில் சிந்துவின் ஆற்றுக்குக் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு ஒரு மிதவைப் பாலம் போட்டார்கள். அதன் பிறகு ஐராவதி. 1945 பிப்ரவரி 14-ஆம் தேதி விடியுமுன் நியாவுங்-ஊ என்னுமிடத்தில் கடக்க ஆரம்பித்தார்கள். ஒரு மைலுக்கு மேல் அகலம். நடு ஆற்றில் படகு இயந்திரங்கள் சில நின்றுபோக, படகுகள் நீரோட்டத்தோடு இழுபட்டன. கரையிலிருந்து குண்டுகள் வந்தன. பாட்டனார் அந்த ஆற்றில் இருந்தார். அன்றைக்கு என்ன கண்டார் என்று கேட்டால், "தண்ணி ரொம்பச் சில்லென்று இருந்ததப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எதிர்க்கரையில் இருந்தவர்கள் எல்லோரும் ஜப்பானியர் அல்ல. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த நேரு படைப்பிரிவு, தில்லானின் தலைமையில் அந்தக் கரையைக் காத்து நின்றது. அந்தப் படைப்பிரிவில் நம் பாட்டனாரின் ஊரிலேயே, அடுத்த தெருவிலேயே பிறந்த ஒருவர் இருந்தார். அவரும் பட்டாளத்துக்குப் போனவரே. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டுக் கைதியானார். இரண்டு நாள் கழித்து பாரர் பார்க்கு மைதானத்தில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை இங்கிலீஷ்காரர்கள் ஜப்பானியர் கையில் ஒப்படைத்துவிட்டு நடந்தார்கள். இதுநாள் வரை யாருக்கு விசுவாசமாக இருந்தோமோ அவன் நம்மை மூட்டையைப் போலக் கைமாற்றிவிட்டானே என்று அவருக்கு அன்று மனம் விட்டுப் போயிற்று. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து பேசியதைக் கேட்டதும் சேர்ந்துவிட்டார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக வந்து அந்தப் படையில் சேர்ந்தார்கள். சேர மறுத்த கைதிகளில் பலரை ஜப்பானியர் நியூகினித் தீவு முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றி வதைத்தார்கள். ஆகையால் சேர்ந்தவன் தேசபக்தன், சேராதவன் அடிமை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. சேராதவர்களும் கொடுத்த வாக்குக்காக உயிரைக் கொடுத்தவர்களே.

ஒரே ஊர்க்காரர் இருவர் ஒரே ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிராக நின்றது இருவருக்கும் அப்போது தெரியாது. 1946-இல் ஊர் திரும்பி, திண்ணையில் உட்கார்ந்து தேதிகளை ஒத்துப் பார்த்தபோதே தெரிந்தது. அதற்குப் பிறகு இருவரும் நாற்பது வருஷங்களுக்கு மேல் அதே திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். புலியை யார் வைத்துக்கொள்வது என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு எந்தச் சண்டையும் வந்து நாம் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்ததும் சேனையைக் கலைக்கும் வேலை மும்முரமாக நடந்தது. 25 லட்சமாக இருந்தது 1947-க்குள் ஏறக்குறைய 4 லட்சமாகக் குறைந்தது. இவ்வளவு பேருக்கும் வேலை தேட வேண்டுமே என்று 1945-இல் சர்க்கார் ஏற்படுத்தியதுதான் வேலைவாய்ப்பு அலுவலகம். பட்டப்படிப்பு முடித்ததும் நாமும் அங்கே வரிசையில் நின்று பதிவு செய்தோம். அந்த வரிசையை முதன்முதல் ஆரம்பித்து வைத்தவர்கள் பட்டாளத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் என்பது நமக்கு வெகு நாள் கழித்தே தெரியும்.

பாட்டனாருக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. கையில் கொடுத்த தொகையில் கடனை அடைத்தது போக ஒரு ஜோடி மாடு வந்தது. பென்ஷன் கிடையாது. அதற்குப் பதினைந்து வருஷ சேவை வேண்டும். அவருக்கு ஐந்துகூட நிரம்பவில்லை. யுத்தத்துக்கென்று எடுத்து, யுத்தம் முடிந்ததும் அனுப்பப்பட்ட லட்சோப லட்சம் பேருடைய நிலையும் இதுவே. நண்பருடைய நிலை இன்னும் மோசம். திரும்பி வந்த தேசிய ராணுவத்தாரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். அவர் கறுப்பு. பட்டாளத்திலிருந்து நீக்கம், கைதியாக இருந்த காலத்துச் சம்பளமும் பறிமுதல். 1945 நவம்பரில் செங்கோட்டையில் அவருடைய தலைவர்கள் மீது விசாரணை தொடங்கியபோது தேசமே கொதித்தெழுந்தது. தேசம் சுதந்திரம் அடைந்த பிறகும் அந்த வீரர்களைச் சேனையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

பாட்டனாருக்குப் பட்டாளம் கொடுத்த ஒரே சொத்து, வெடி வைக்கத் தெரிந்த கைகள். எங்கள் பக்கத்துப் பூமி பாறைப் பூமி. பத்தடி தோண்டினால் கருங்கல். பாறையில் உளியும் சம்மட்டியும் கொண்டு தமர் போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்து, எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு கல் பெயரும் என்று கணக்காகச் சொல்ல அவரைப் போல் ஆள் கிடையாது. இருபத்தைந்து வருஷங்களில் சுற்றுவட்டாரத்தில் அவர் வெடி வைத்துத் தோண்டிய கிணறுகள் எழுபதுக்கு மேல். ஒரு வெடியிலும் ஓர் ஆளுக்கும் காயம் பட்டதில்லை. திரியைக் கொளுத்திவிட்டு எல்லோரையும் அனுப்பிய பிறகு கடைசியாக அவரே ஏறி வருவார். 1944-இல் இத்தாலியில், கண்ணிவெடி மீது தம் உடம்பைக் கிடத்திக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி மாண்ட மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியனை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வாராம். செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்த அவரே ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். பாட்டனார் அவரைக் கண்டதில்லை. ஆனால், "எங்க சுபேதார்" என்றே சொல்லுவார்.

யுத்தம் அவர் உடம்பைவிட்டுப் போகவில்லை என்பதை நாம் சிறுவயதில் கவனித்திருக்கிறோம். புதிதாகக் கொத்திய மண்மேல் அவர் கால் வைக்கமாட்டார், சுற்றிக்கொண்டு போவார். தீபாவளிப் பட்டாசுக்கு அஞ்சமாட்டார். ஆனால் இரவில் கதவு படீரென்று சாத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பாட்டியார் ஒன்றும் கேட்காமல் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார். இதற்கெல்லாம் இன்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று பெயர் இல்லை. செம்புத் தண்ணீர் இருந்தது.

1972-இல் சுதந்திரத்தின் வெள்ளிவிழா வந்தது. தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயமும் மாதம் 200 ரூபாய் பென்ஷனும் தருவதென்று மத்திய சர்க்கார் தீர்மானித்தது. இந்திய தேசிய ராணுவத்தாருக்கும் அதில் இடம் உண்டு. அடுத்த தெரு நண்பருக்குப் பட்டயம் வந்தது. உபாத்தியாயருக்கும் வந்தது. ஊரில் மேடை போட்டு மாலை போட்டார்கள். பாட்டனார் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். அன்று மாலை நண்பர் பட்டயத்தை எடுத்துக்கொண்டு நேரே பாட்டனார் வீட்டுக்கு வந்து, "அந்தக் கரையில் நீ சுட்டிருந்தால் இது எனக்கு ஏது?" என்று அதை அவர் மடியில் வைத்தாராம். "நான் எங்கே சுட்டேன்? படகுதானே தள்ளினேன்" என்றாராம் பாட்டனார். இருவரும் சிரித்தார்கள் என்று நம் தாயார் சொல்லுவார். பாட்டியார் மட்டும் அடுப்படியில் அழுதாராம்.

சர்க்காரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தியாகிகளுக்குக் கொடுத்தது மிகவும் சரி. முன்னமே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பாட்டனார் போன்றவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தேசம் யோசிக்கவே இல்லை. அந்நியன் கொடியின் கீழ் போனவர்கள் என்று நாம் ஒதுக்கினோம்; இந்தியச் சிப்பாய்கள் என்று அந்நியன் மறந்தான். ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் என்னுமிடத்தில், தனிக் கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருப்போம்? பின்னாளில் நம் மாநில சர்க்கார், பென்ஷன் இல்லாத இரண்டாவது யுத்த வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாத உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. பாட்டனார் கொஞ்ச காலம் வாங்கினார். அவருக்குப் பிறகு பாட்டியார், உயிரோடிருப்பதாக வருஷந்தோறும் சான்று கொடுத்து வாங்கினார். கட்டைவிரலை உருட்டவில்லை, கையெழுத்தே போட்டார். பட்டாளத்திலிருந்து வந்த பாட்டனாரும் அவரும் சேர்ந்து, அந்த உபாத்தியாயரிடம் இரவில் விளக்கை வைத்துக்கொண்டு தமிழ் கற்றதன் பலன் அது.

இப்போதும் எங்கள் பள்ளிக்கு முன்னால் போகும் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பையன்கள் ஓடுகிறார்கள். உயரம், மார்பளவு, ஓடும் நேரம் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி நான்கு வருஷ சேவை. அதன் பிறகு நாலில் ஒரு பங்கினர் வரையில் நிலையாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஒரு தொகையோடு வீடு திரும்ப வேண்டும், பென்ஷன் கிடையாது. "போகலாமா ஐயா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். போகாதே என்று நாம் சொன்னதில்லை. தேசத்துக்குக் காவல் வேண்டும். திரும்பி வரும்போது கையில் ஒரு தொழிலோடு வா என்று மாத்திரம் சொல்லி அனுப்புகிறோம். சென்ற மாதம் ஓடிக் களைத்த நாலு பையன்கள் ஊர்க்கோடியில் ஒரு கிணற்றின் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். அது பாட்டனார் வெடி வைத்த முதல் கிணறு. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்ததிலிருந்து அதில் கோடையில் நீர் நிற்பதில்லை. ஐப்பசி மழைக்கு மட்டும் பாதிக் கிணறு நிரம்பும். பையன்கள் குதித்து நீந்துவார்கள்.